தாமதித்து வரும் பலனும் விலங்குகளின் தன்னடக்கமும்

கைக்கெட்டும் சிறு பலனை விட்டு, தாமதித்து வரும் பெரும் பலனுக்காக விலங்கு பொறுத்திருப்பதை நடத்தையியலார் தன்னடக்கம் என்பர். பலன் தள்ளிப்போகப் போக அதன் மதிப்பு குறைவது மனிதரிடமும் உண்டு. பெரும்பாலான விலங்குகளிடம் அந்த மதிப்பு சில வினாடிகளிலேயே சரிந்துவிடுகிறது.

ஹவார்ட் ராக்லினும் லெனர்ட் கிரீனும் 1972இல் வெளியிட்ட புறா ஆய்வு பெயர்பெற்றது. உடனே 2 வினாடித் தீனி, அல்லது 4 வினாடி கழித்து 4 வினாடித் தீனி என்றபோது புறாக்கள் முதலாவதையே கொத்தின. இரண்டுமே தொலைவில் இருக்கையில், மாற்ற முடியாதபடி முன்கூட்டியே தெரிவுசெய்ய வைத்தபோது பெரியதன் பக்கம் சாய்ந்தன.

பொறுமையின் அளவு இனத்துக்கு இனம் மாறும். இரண்டுக்குப் பதில் ஆறு துண்டு உணவு பெறச் சிம்பன்சிகள் ஏறத்தாழ 2 நிமிடம் காத்திருந்தன (2007). மரத்தைக் கடித்துப் பிசின் கசியும்வரை காத்துண்ணும் மார்மோசெட் குரங்குகள், பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும் டாமரின் குரங்குகளைவிடக் கூடுதல் நேரம் பொறுத்தன (2005). ஆகவே பொறுமையை அறிவின் அளவுகோலாக மட்டும் கொள்வது தவறு. பிழைப்பு முறைக்கும் அதில் பங்குண்டு.

இலங்கையின் வலப்பனை உள்ளிட்ட மலையகத்தில் இதைப் பொருத்திப் பார்க்கத் தக்க விலங்கு, அத்தீவுக்கே உரிய செங்குரங்கு. தோட்டத் தொழிலாளர் லயத்தோரத்துக் கொய்யா பழுக்கும்வரை அது நிற்பதில்லை. காயை ஒரு கடி கடித்து வீசும். மரக்கறிப் பாத்தியில் கிடைத்ததைக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு ஓடும். பிறகு எட்டாத கிளையில் அமர்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி வாய்க்குள் கொணர்ந்து நிதானமாக மெல்லும். பறிப்பதில்தான் அவசரம், தின்பதில் இல்லை. தோட்டக்காரருக்கு இரண்டும் ஒன்றே என்பது வேறு கதை.

அந்த அவசரத்துக்குக் காரணமும் உண்டு. பொலன்னறுவைச் செங்குரங்குகளை 1968 முதல் ஆராய்ந்துவரும் வொல்ஃப்காங் டிட்டஸ், வலியவை எளியவற்றின் வாயைத் திறந்து கன்னப்பை உணவையே பிடுங்குவதைப் பதிவுசெய்தார். காத்திருக்கும் குரங்குக்கு நாளைய பழம் உறுதியில்லை.

ஆய்வுமுறை மீதும் குறை சொல்லப்படுகிறது. சோதனைகளில் பலன் கிடைத்த பிறகும் அடுத்த வாய்ப்புவரை ஓர் இடைவெளி விடப்படும். ரீசஸ் குரங்குகள் அந்த இடைவெளியைச் சரிவரக் கணக்கில் கொள்வதில்லை என்று டாமி பிளாஞ்சர்ட் குழுவினர் 2013இல் காட்டினர். அப்படியாயின் அவசரம் என்று பதிவானதில் ஒரு பகுதி, சோதனையின் அமைப்பு குரங்குக்கு விளங்காததன் விளைவே.