பொடூரா: காலான வால்

பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் மண்ணிலிருந்து கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் சில சமயம் துள்ளி எழும். தெள்ளுப்பூச்சி என்று நினைத்துப் பலர் மருந்து தேடுகிறார்கள். இவை தெள்ளும் அல்ல, பூச்சியும் அல்ல. மக்கிய இலையையும் பூஞ்சையையும் தின்னும் கொலம்போலாக்கள்.

1758இல் லின்னேயஸ் இவற்றைப் ‘பொடூரா’ என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். கிரேக்கத்தில் ‘பூஸ்’ கால், ‘ஊரா’ வால். வயிற்றுக்கு அடியில் மடங்கிய கவட்டை ஒன்று சிறு கொக்கியில் மாட்டியிருக்கும். கொக்கி விட்டதும் கவட்டை தரையை அறையும், உடல் எகிறும்.

பின்னாளில் பெயரின் எல்லை சுருங்கியது. பொடூரா விரிடிஸ், ஸ்மிந்தூரஸ் பேரினத்துக்குப் போனது. குளத்து நீர்ப்பரப்பில் திரியும் கருநீலப் பொடூரா அக்வாட்டிகா பழைய பெயரிலேயே நின்றது.

‘கொலம்போலா’ ஜான் லப்பக் சூட்டிய பெயர். ‘கொல்லா’ பசை, ‘எம்போலோன்’ முளை. வயிற்றிலுள்ள குழல் ஒட்டிக்கொள்ள உதவுகிறது என்ற கருத்தில் பிறந்தது. உடலின் நீரையும் உப்பையும் சமன்செய்வதே அதன் முக்கிய வேலை என்று பிறகு தெரிந்தது. வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருப்பதாலும் வயிற்றில் 6 கண்டங்களே இருப்பதாலும் பூச்சிகளிடமிருந்து பிரித்து இவற்றைத் தனி வகுப்பாக்கினார்கள்.

தமிழில் ‘துள்ளுபூச்சி’ என்றால் பழைய குழப்பமே தொடரும். கவை என்பது பிளவுபட்ட கிளை. கவட்டையும் அதன் உறவு. ‘கவைவாலி’ என்றால் உறுப்பும் விளங்கும், பூச்சி என்ற பிழையும் நீங்கும். பொடூரா அக்வாட்டிகாவை ‘நீர்க் கவைவாலி’ எனலாம்.