கொலாபாவில் பிறந்த தேற்றம்

சயான், மாட்டுங்கா பக்கம் பம்பாய்த் தமிழர் கதையைப் பேச ஆரம்பித்தால் தாராவித் தோல் தொழில், டைப்பிஸ்ட் வேலை, இட்லிக் கடை என்று போய் அங்கேயே நின்றுவிடும். 1953-ல் வந்த இரண்டு இளைஞர்களின் பேச்சு வருவதே இல்லை.

சி.எஸ். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்தவர். எம்.எஸ். நரசிம்மன் தண்டரை கிராமத்து விவசாயக் குடும்பம். இருவரும் 1932-ல் பிறந்தவர்கள், இருவரும் சென்னை லயோலா மாணவர்கள். அங்கே பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன்தான் பாரிஸின் புதிய கணிதத்தை இவர்களுக்குக் காட்டியவர். படிப்பு முடிந்ததும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். அது அப்போது கேட்வே ஆஃப் இந்தியா அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது.

கணிதப் பிரிவை நடத்தியவர் கே. சந்திரசேகரன். அவர் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். உலகின் பெரிய கணித மேதைகளை வரவழைத்துப் பாடம் எடுக்கச் சொல்வார். அதைக் குறிப்பெடுத்துப் புத்தகமாக்குவது மாணவர் வேலை. லோரான் ஷ்வார்ட்ஸின் பாடங்களை 1955-ல் அப்படி எழுதியவர் நரசிம்மன். (நம் பிள்ளைகள் கோச்சிங் கிளாஸில் ஜெராக்ஸ் வாங்குகிறார்கள். போகட்டும்.)

1957-ல் இருவரும் பாரிஸ் போனார்கள், 1960-ல் திரும்பினார்கள். அவர்கள் பெயரை நிலைக்கவைத்த தேற்றம் உருவானது அதற்குப் பிறகு, பம்பாயில்.

விளக்கப் பார்க்கிறேன், கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கவும். 19-ம் நூற்றாண்டில் ரீமான் கொண்டுவந்த பரப்பு ஒன்று உண்டு. பல ஓட்டைகள் போட்ட மெதுவடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை நட்டால் கிடைப்பது வெக்டர் கட்டு. இவற்றில் எவை ‘நிலையானவை’ என்று மம்ஃபோர்ட் இயற்கணித வழியில் வரையறுத்திருந்தார். ஓட்டையைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தைச் சேரும்போது அந்த வெளி எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பது வேறொரு வழி. சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும் இந்த இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று இவர்கள் நிறுவினார்கள். 1965-ல் கட்டுரை வெளிவந்தபோது இருவருக்கும் வயது 33. 1983-ல் டொனால்ட்சன் இதற்கு வேறொரு நிரூபணம் கொடுத்தார். இயற்பியல்காரர்களும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே 1965-ல் சந்திரசேகரன் சுவிட்சர்லாந்தின் சூரிச்சுக்குப் போய்விட்டார். நரசிம்மன் 1992-ல் இத்தாலியின் திரியெஸ்தெ போய், கடைசியில் பெங்களூரில் வாழ்ந்து 2021-ல் காலமானார். சேஷாத்ரி 1984-ல் சென்னைக்குத் திரும்பி, 1989-ல் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார்; இன்றைய சென்னைக் கணிதக் கழகம் அதுதான். 2020-ல் மறைந்தார். கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடுவாராம்.