குடுமி போய்க் குப்பி வந்த கதை

தலைமயிர் உதிர்தலைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நாட்டிலே எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, மயிரா பெரிதாயிற்று என அவர்கள் கேட்கவும் கூடும். மேல்வகுப்புக்களிலே கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அவ்வாறு கேளார் என்பது நமது எண்ணம். பத்தொன்பது, இருபது வயதிலேயே நெற்றி மேலேறத் தொடங்கிவிட்ட மாணவன் படும் பாட்டை அவர் நாள்தோறும் காண்கின்றார். அவன் கடைசி வாங்கினை நாடுகின்றான்; குழுப்படம் எடுக்கும் நாளிலே பாடசாலைக்கு வாராது நின்றுவிடுகின்றான். திருகோணமலைக் கரையோரக் கிணறுகளின் உப்புநீரை நோகின்றான். மோட்டார் சைக்கிளின் தலைக்கவசத்தை நோகின்றான். பரீட்சைக்காக விழித்த இரவுகளை நோகின்றான். எல்லாவற்றிலும் கொடியது, இளமைக்கால இரகசியப் பழக்கங்களை நினைந்து, அவற்றின் தண்டனையே இதுவெனத் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வதாகும். அப்பழக்கங்களுக்கும் மயிர் உதிர்தலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொடர்பு உண்டென்று அவனுக்குக் கற்பித்தவர்கள், அதற்குரிய லேகியத்தையும் தைலத்தையும் கையில் வைத்திருப்பவர்களே. படிப்பை முடித்துத் துறைமுகத்திலும் சீனன்குடா மா ஆலையிலும் வேலைக்குச் சென்ற இளைஞர், கடவுச்சீட்டோடு கட்டார் பயணத்துக்குக் காத்திருக்கும் இளைஞர் ஆகியோரது கைக்காசில் ஒரு பங்கு குப்பிகளாக மாறிக்கொண்டிருக்கின்றது. சீதனப் பேச்சிலே மாப்பிள்ளையின் நெற்றியும் கணக்கில் எடுக்கப்படும் ஒரு சமூகத்தில் இது வியப்பன்று.

வழுக்கை மிகப் பழையது. அதைக் குறித்து நம் இளைஞர் இன்று கொண்டுள்ள வெட்கம் அத்துணைப் பழையதன்று என்பதே நாம் இங்கு காட்ட விரும்புவது.

மருந்து தேடியவர் அன்றும் இருந்தனர். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியொன்று, சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையிற் பூசச் சொல்கின்றது. ஜூலியஸ் சீஸர் தம் வழுக்கையை மறைக்கும் பொருட்டே வாகை மாலையை விரும்பி அணிந்தார் எனச் சுவெற்றோனியஸ் எழுதிவைத்தார். ஆயினும் இவை அரண்மனைகளின் கவலைகள். நம் பக்கத்திலே சுசுருத சங்கிதை மயிர் கொட்டுவதை இந்திரலுப்தம் எனப் பெயரிட்டுச் சிறு பிணிகளின் வரிசையிலே வைத்துவிட்டு அப்பாற் செல்கின்றது. தமிழ் மக்களோ இரண்டு வேறு சொற்களால் இரண்டு வேறு நிலைகளைப் பிரித்தறிந்தனர். மெல்ல மெல்ல முன்தலை வெறுமையாவது வழுக்கை. காசளவாகத் திடீரெனத் திட்டுத் திட்டாகக் கொட்டுவது புழுவெட்டு. இளநீர்த் தேங்காயின் வழுவழுத்த இளஞ்சதைக்கும் வழுக்கையென்றே பெயரிட்ட மொழியில் அச்சொல்லுக்கு இழிவு ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடலின் காப்புப் படையே மயிர்க்கால்களைப் பகையென மயங்கித் தாக்குவதால் அது நேர்கின்றது என்பது இன்றைய மருத்துவம். எனினும், இரண்டும் ஒன்றல்ல என்ற பாமரர் பகுப்பு முற்றிலும் சரியானது. இன்று விற்கப்படும் எண்ணெய்களின் விளம்பரங்களிலே அந்தப் பகுப்புக்கூடக் கிடையாது.

வழுக்கை ஏன் அன்று பெருங்கவலையாகவில்லை? அதற்கு நாம் காணும் முதன்மையான காரணம் மிக எளியது. அது வெளியே தெரியவில்லை. ஆண்மயிருக்குக் குஞ்சி, பங்கி, ஓரி என்றெல்லாம் பெயர் வகுத்த தமிழர், பிற்காலத்தில் முன்தலையை மழித்துப் பின்தலையிற் குடுமி வைத்தனர். இளைஞனுக்கு முதலிற் கொட்டுவது நெற்றியோரமும் முன்தலையும். அந்த இடத்தையோ சவரக்கத்தி ஏற்கெனவே வெறுமையாக்கியிருந்தது. இருபது வயதில் நெற்றி ஏறியவனுக்கும் ஏறாதவனுக்கும் குடுமிக் காலத்தில் வேறுபாடு காண்பது எங்ஙனம்? சீனத்து நீள்சடையும், யப்பானியச் சாமுராய்களின் கொண்டையும் இவ்வாறே முன்தலையை மழித்தவை. மழித்த தலையிற் தொப்பி அணிந்த முஸ்லிம் பெரியவர்களையும், பௌத்த பிக்குகளையும் இவ்வரிசையிற் சேர்த்துக்கொள்ளலாம். ஆசியாவின் பெரும்பகுதியிலே ஆணின் முன்தலை மயிர் மதிப்புப் பெற்ற உடைமையாக இருக்கவில்லை.

குடுமி எளிதில் மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மிஷனரிமார் சிலர் அதனை அஞ்ஞான அடையாளமெனக் கருதி, மதம் மாறியோரின் குடுமியை அறுக்க முற்பட்டனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்த கால்டுவெல் 1867இல் குடுமி பற்றியே ஒரு சிறு நூல் எழுதி, அது சமயச் சின்னமன்று, சமூக வழக்கமே என்று வாதிட்டார். வாதத்தில் அவர் வென்றிருக்கலாம். குடுமியை வென்றது வேறொன்று. ஆங்கிலக் கல்வியும் கச்சேரி உத்தியோகமும் கொணர்ந்த கிராப்பு அது.

கிராப்பு என்னும் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஐரோப்பியப் பிரபுக்கள் நெடுங்காலம் பொய்மயிர்த் தொப்பியும் மாவுப்பொடியும் அணிந்து திரிந்தனர். பிரான்சின் பதின்மூன்றாம் லூயி மன்னனின் தலைமயிர் கொட்டியபோது தொடங்கிய பாங்கு அது என்பர். 1795இல் பிரான்சோடு நடந்த போருக்குப் பணந்தேடிய பிரித்தானியப் பிரதமர் பிற், தலைக்குப் பொடி பூசுவோர் ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தவேண்டுமென வரி விதித்தார். பொடி மாவினாற் செய்யப்பட்டது. அவ்வாண்டு இங்கிலாந்திலே கோதுமைப் பஞ்சம். ஏழைகள் பாணுக்குக் கலகம் செய்ய, செல்வர் மாவைத் தலையிற் கொட்டிக்கொண்டிருந்தனர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த பெட்போர்ட் கோமகன் முதலியோர் வரிக்கு எதிர்ப்புக் காட்டித் தம் தலைமயிரைக் குறுகத் தறித்தனர். அதற்குப் பெட்போர்ட் கிராப் என்றே பெயர் வழங்கிற்று. அதே போரின் ஒரு கிளையாக, அதே 1795 ஓகஸ்ற் மாதத்தில், ஆங்கிலக் கடற்படையும் கேணல் ஸ்ரூவர்ட்டின் படையும் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தன. குறுக வெட்டிய தலைகளின் ஆட்சி அன்றிலிருந்து இத்துறைமுகத்தில் நிலைகொண்டது. அரச கடற்படை இங்கிருந்து வெளியேறியது 1957இலே தான். கிராப்பு வெட்டிய தலையிலே நெற்றிக்கோடு முழுதும் தெரியும். உத்தியோகத்தின் அடையாளமாகிய கிராப்பை வைத்துக்கொள்ள முன்தலையில் மயிர் வேண்டும். முன்பு கேளாதிருந்த ஒன்று இப்போது ஆணிடம் கேட்கப்படலாயிற்று.

இம்மாற்றத்தின் மறுபக்கத்தில் நிற்பவர் சவரத் தொழிலாளர். ஈழத்துப் பேச்சுவழக்கிலே அவருக்குப் பரியாரி என்று பெயர். நாட்டு வைத்தியருக்கும் பரியாரியார் என்றே பெயர். பரிகாரம் செய்பவர் என்பதே இரண்டுக்கும் பொருள். தமிழகத்திலே அச்சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயரும், அவர்தம் பெண்டிருக்கு மருத்துவச்சி என்ற பெயரும் வழங்கின. இலண்டனிலுங்கூட 1540 தொடக்கம் 1745 வரை நாவிதரும் சத்திர வைத்தியரும் ஒரே சங்கத்தினராக இருந்தனர். ஐரோப்பாவிலே அத்தொழிலிலிருந்து பிரிந்த சத்திர வைத்தியர் மதிப்புப் பெற்று உயர்ந்தார். இங்கோ அறிவு ஒருபுறமும் பிறப்பு மறுபுறமுமாக இழுக்க, பிறப்பே வென்றது. கட்டி கீறவும் புண்ணுக்கு மருந்திடவும் அறிந்தவர், குடிமை முறையிலே வீடுவீடாகச் சென்று முற்றத்தில் நின்று தொழில் செய்யவேண்டியவராயினார். இன்னார் தலையைத் தொடலாம், இன்னார் தலையைத் தொடலாகாது என்ற கட்டளையும் அவர்மீது சுமத்தப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் பிறர் கண்காண மயிர் வெட்டிக்கொள்வதும் ஓர் உரிமைப் பிரச்சினையாக இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராடவேண்டியிருந்ததை இவ்வேட்டின் வாசகர் அறிவர். நகரத்துச் சலூன், காசு கொடுத்தவன் எவனும் அமரக்கூடிய சுழல் நாற்காலியைத் தந்தது. அது சிறிய விடுதலையன்று. ஆனால் அந்த நாற்காலிக்கு முன்னே பெரியதொரு கண்ணாடியும், கண்ணாடிக்குக் கீழே வரிசையாகக் குப்பிகளும் வந்து சேர்ந்தன. பரிகாரம் பரியாரியின் கையை விட்டுக் குப்பிக்குள் புகுந்தது.

குப்பி வணிகத்தின் சிறந்த வரலாறு கல்கத்தாவிலே கிடைக்கின்றது. எச். போஸ் என்னும் வாசனைப்பொருள் வணிகர் குந்தலீன் என்ற கூந்தல் தைலத்தை விற்றார். விற்பனையைப் பெருக்க 1896இல் அவர் கண்ட வழி இலக்கியப் பரிசு. சிறுகதை எழுதவேண்டும், கதைக்குள்ளே தைலத்தின் பெயர் எப்படியாவது வரவேண்டும். முதலாண்டுப் பரிசைப் பெற்ற கதையை எழுதியவர், அறிவியலாளர் ஜகதீஸ் சந்திர போஸ். வங்கக்கடலிலே புயல் எழுகின்றது. கப்பலிற் செல்லும் வழுக்கைத் தலையர் தம்மிடமிருந்த தைலக் குப்பியைக் கடலில் எறிகின்றார். எண்ணெய் பரவி அலை அடங்கிப் புயல் மறைகின்றது. பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற சரத்சந்திரரும் தம் மாமன் பெயரில் கதை அனுப்பி இதே பரிசைப் பெற்றார். விளம்பரத்துக்கு விலைபோன இலக்கியமென்று இதனை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. போஸின் கதையிலே நையாண்டி உண்டு. மயிரை வளர்க்கும் என்று சொல்லப்பட்ட தைலம் அங்கே வேறெல்லாம் செய்கின்றது. எனினும் 1964 டிசம்பரில் அதே வங்கக்கடலில் எழுந்து, திருகோணமலையைச் சிதைத்துத் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட ஊராருக்கு அக்கதையைப் படிக்கையில் சிரிப்பு முழுமையாக வருவதில்லை.

நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கரிசலாங்கண்ணியையும் செவ்வரத்தம் பூவையும் காய்ச்சித் தலைக்கு வைப்பதை நாம் குறைகூறவில்லை. அது மயிரை மென்மையாக்கும், வறட்சியைப் போக்கும். சுருங்கிப்போன மயிர்க்காலை அது மீண்டும் விரிக்கும் என்பதற்கு மட்டும் சான்றில்லை. இந்திய அரசின் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என ஒன்றுண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கையும் அதில் இடம்பெறுகின்றது. பட்டியலைப் படித்தவர் சிலர். விளம்பரத்தைப் படித்தவர் பலர்.

மெய்யான காரணம் புலப்பட்டது 1942இல். விதையடிக்கப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் நூல் குறித்திருந்தது. அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹமில்ரன் அதனை ஆராய்ந்து நிறுவினார். விதை நீக்கப்பட்டோருக்கு ஆண் ஓமோனை ஊசிமூலம் ஏற்றியபோது, வழுக்கை மரபுள்ள குடும்பத்தவருக்கு மட்டும் மயிர் கொட்டியது. பரம்பரையும் ஓமோனும் ஒன்றுசேர்ந்தே இது நிகழ்கின்றது. உப்புநீரும் தலைக்கவசமும் விழித்த இரவுகளும் இதிற் குற்றவாளிகளல்ல. அதே 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. அந்தப் போர் இன்னொன்றையும் புதைத்தது. ஒக்குடா என்னும் யப்பானிய மருத்துவர் 1939இலேயே மயிரோடு கூடிய சிறு தோல்துண்டுகளைப் பெயர்த்து நடும் முறையை வெளியிட்டிருந்தார். மேல்நாட்டார் அதனை அறியவில்லை. நியூயோர்க்கின் ஓரன்ரைக் 1950களிலே அதனை மீண்டும் புதிதாகக் கண்டார்.

மருந்தின் வரலாறு டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஏழைக் கிராமத்துக்குச் செல்கின்றது. அங்கே சில பிள்ளைகள் பெண்ணென வளர்க்கப்பட்டுப் பருவமெய்தும் போது ஆணுருக் கொண்டனர். ஆண் ஓமோனை மேலும் வீரியமுள்ள இன்னொன்றாக மாற்றும் நொதியம் அவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு என 1974இல் இம்பெராற்றோ-மக்கின்லி முதலியோர் எழுதினர். அவர்களுக்கு வழுக்கையும் விழுவதில்லை. மேர்க் என்னும் பெருநிறுவனம் அந்நொதியத்தை அடக்கும் பினாஸ்டரைட் என்ற மருந்தை ஆக்கியது. 1992இல் முதியோரின் புரொஸ்ரேற் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997இல் இளைஞரின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் வேறு பெயரில் அது வந்தது. பண்டம் ஒன்று, பெயர் இரண்டு, விலையும் இரண்டு. பெரிய மாத்திரையை வாங்கி நான்காகப் பிளந்து விழுங்கக் கற்றுக்கொண்ட அமெரிக்கர், வணிகத்தின் இரகசியத்தை நன்கு உணர்ந்தவர்கள். மற்றைய மருந்தாகிய மினொக்ஸிடில் 1979இல் இரத்த அழுத்தத்துக்கு வந்தது; உண்டவர் உடலெங்கும் மயிர் முளைக்கவே, 1988இல் தலையிற் பூசும் நீராக மாறியது.

இவ்விரண்டும் பலருக்குப் பயன் தருகின்றன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் நிறுத்தினால் கிடைத்த பயனும் சில மாதங்களில் மறைந்துவிடும். வாங்குபவன் வாழ்நாள் முழுதும் வாடிக்கையாளன். பினாஸ்டரைட் சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் தருவதுண்டு. தற்கொலை எண்ணம் அதன் பக்கவிளைவுகளுள் ஒன்றென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025இல் உறுதிசெய்தது. நண்பன் சொன்னானென்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் பண்டமன்று அது. மேலும், டெங்குக் காய்ச்சல் போன்ற கடுஞ்சுரத்துக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், அது வழுக்கையே அன்று. பெரும்பாலும் தானே திரும்பி முளைக்கும். புழுவெட்டும் பலருக்குத் தானே ஆறுவது. ஆறாதபோது மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. இவ்விரண்டிலும் தானாக முளைத்த மயிருக்கு உரிமை கொண்டாடிப் பிழைத்த தைலங்கள் எத்தனை!

வசதியுள்ளோர் இப்போது பல இலட்சம் ரூபாய் செலவிட்டு மயிர்நடுகைச் சத்திரசிகிச்சை செய்துகொள்கின்றனர். பின்தலை மயிர் அந்த ஓமோனுக்கு அசையாது. இடம் பெயர்த்து நட்டாலும் தன் இயல்பை விடாது. ஆகவே சத்திர வைத்தியர் பின்தலையிலிருந்து மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முன்தலையில் நடுகின்றார். பரியாரி முற்றத்தில் நின்று மழித்தெறிந்தது அந்த முன்தலையைத்தான். குடுமியென விட்டுவைத்தது அந்தப் பின்தலை மயிரைத்தான்.