புல்மண் வீடுகளின் ஒளிப்படக்காரர்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நெப்ராஸ்கா மாநிலத்தில், மரம் அரிதான பரந்த புல்வெளியில் குடியேறிய முதல் தலைமுறை உழவர்களின் வாழ்வை அறிய உதவும் காட்சிச் சான்றுகளுள் முதன்மையானவை, சாலமன் டெவோர் புட்சர் எடுத்த ஒளிப்படங்களாகும். 1856இல் அன்றைய வர்ஜீனியாவில் பிறந்து இல்லினாய்சில் வளர்ந்த அவர், இளமையில் மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாகப் படம் பதிக்கும் முறையைக் கற்றார். 1880இல் தந்தையுடன் நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் வழங்கிய 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டமே அங்கு மக்களை ஈர்த்தது. புட்சரும் நிலம் கோரினார். ஆனால் உழவு அவருக்கு ஒத்துவராததால் விரைவிலேயே கைவிட்டார். மின்னியாபோலிசில் தொடங்கிய மருத்துவப் படிப்பையும் முடிக்காமல், மணம் செய்துகொண்டு திரும்பி, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணத்தில் கேமரா வாங்கி, அம்மாவட்டத்தின் முதல் ஒளிப்பட நிலையத்தை அமைத்தார். அதன் வருமானம் குடும்பம் நடத்தப் போதவில்லை.

1886இல் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: மாவட்டத்தின் வரலாற்றை, அதை உருவாக்கிய மக்களின் படங்களோடும் அவர்கள் வாய்மொழியோடும் தொகுக்க வேண்டும். படமெடுப்பதற்குச் சற்றுமுன் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் பயன்படுத்த வேண்டியிருந்த பழைய தகடுகளுக்கு மாற்றாக, முன்கூட்டியே ஜெலட்டின் பூசி விற்கப்பட்ட உலர் தகடுகள் அப்போது பரவியிருந்ததால், குதிரை வண்டியில் பண்ணை பண்ணையாகச் செல்வது இயன்றது. 1892 வரையிலான ஆறேழு ஆண்டுகளில் 1,500க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

அவற்றின் தனிச்சிறப்பு, மனிதர்களை அவர்களுடைய உடைமைகளோடு சேர்த்து நிறுத்தியதில் இருக்கிறது. புல்வேர் பின்னிய மண்ணை ஏரால் பட்டை பட்டையாக வெட்டி, செங்கல்போல அடுக்கிக் கட்டிய வீடுகளே அக்குடும்பங்களின் உறைவிடம். அவற்றின் உட்புறம் இருண்டிருந்ததால் படங்கள் வாசலில் எடுக்கப்பட்டன. ஹில்டன் குடும்பத்துத் தலைவி, மண்வீடு படத்தில் விழுவதை விரும்பாமல், காலால் மிதித்துக் காற்றூட்டி இசைக்கும் ஆர்கன் பெட்டியை வெளியே இழுத்துவரச் செய்து, அதனருகே குடும்பத்தை நிறுத்தினார். சில்வெஸ்டர் ராடிங் குடும்பத்தின் படத்திலோ, மேட்டை ஒட்டிக் கட்டிய வீட்டின் கூரைக்கு அருகே பசு நிற்கிறது. மணமாகாத பெண்களும் நிலம் கோரச் சட்டம் இடமளித்தது என்பதை, மண்வீட்டின் முன் நிற்கும் கிறிஸ்மன் சகோதரிகள் நால்வரின் படம் எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுக் குடியேறிய ஷோர்ஸ் குடும்பத்தின் 1887ஆம் ஆண்டுப் படமும் அதே அளவு போற்றத்தக்கது.

1890களின் வறட்சி வேலையை நிறுத்தியது. 1899இல் வீடு எரிந்தபோது, சேகரித்த வாய்மொழிக் குறிப்புகள் அழிந்தன; வேறிடத்தில் வைத்திருந்த கண்ணாடி நெகட்டிவ்கள் தப்பின. மனம் தளராமல் அவர் மீண்டும் தொகுத்த நூல், ஃபிஞ்ச் என்ற பண்ணையாரின் பொருளுதவியால் 1901இல் வெளிவந்தது. பின்னர் நெகட்டிவ்கள் மாநில வரலாற்றுக் கழகத்தின் உடைமையாயின. வேறு பல தொழில்முயற்சிகளிலும் வெற்றி காணாத புட்சர், தம் வாழ்வு வீணாயிற்று என்ற எண்ணத்துடனேயே 1927இல் கொலராடோவில் மறைந்தார்.

இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை மறக்கலாகாது. நிகழ்ந்து முடிந்த சம்பவங்களை அவர் ஆட்களைக் கொண்டு நடிக்கவைத்தும் படமெடுத்தார். பண்ணையாளர் போட்ட வேலியைக் குடியேறிகள் வெட்டும் காட்சி அத்தகையது. ஃபிஞ்ச் வெட்டுக்கிளிகளை விரட்டும் படத்தில், பூச்சிகளை நெகட்டிவின்மீது கையாலேயே வரைந்து சேர்த்தார். ஆகவே நிகழ்ச்சிப் படங்களை அவருடைய விளக்கங்களாகவும், வாசல் படங்களை நேரடிச் சான்றுகளாகவும் பிரித்து வாசிப்பதே முறை. வாசல் படங்களிலும் தங்கள் வளத்தைக் காட்ட விரும்பிய குடும்பங்களின் தேர்வு கலந்திருக்கிறது. எதைக் காட்ட விழைந்தார்கள் என்பதும் வரலாற்றாசிரியருக்குத் தேவையான செய்தியே.