வீட்டு மெயின் போர்டை மாற்றப் போகிறீர்களா? பெட்டியை வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒயரிங் செய்த வீடு. அன்றைக்கு இருந்தது நாலு குண்டு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு டிவி. இன்று அதே ஒயரில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், ஹீட்டர், ஏசி, வீட்டுக் கிணற்று மோட்டார், போதாக்குறைக்குப் புல் நறுக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. சாயங்காலம் ஆனால் ஃப்யூஸ் போகிறது, சுவிட்ச் போர்டு சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது. பல கிராமத்து வீடுகளில் இன்று இதுதான் நிலைமை.

இதற்கு நம்மில் பலர் செய்யும் வைத்தியம், ஃப்யூஸ் கேரியரில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது. அதன்பின் ஃப்யூஸ் போகாது. ஆனால் ஃப்யூஸ் போகாத இடத்தில் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். ஃப்யூஸ் கம்பி இருப்பதே, லோடு மீறும்போது தான் உருகி ஒயரைக் காப்பாற்றத்தான். உங்கள் வீட்டு ஃப்யூஸில் அப்படிக் கம்பி சுற்றியிருந்தால், இந்தக் கட்டுரையை முழுக்கப் படிக்கும் முன்பே ஒயர்மேனை அழைத்துச் சரியான ஃப்யூஸ் கம்பி போடச் சொல்லுங்கள்.

முதலில் லோடு கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் வாட் எவ்வளவு என்று எழுதுங்கள். பொருளின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டில் அது இருக்கும். ஒரு நடுத்தர விவசாயி வீட்டின் கணக்கு சுமாராக இப்படி வரும்:

- எல்.இ.டி. விளக்கு 10: 100 வாட்
- ஃபேன் 4: 300 வாட்
- டிவி: 100 வாட்
- ஃபிரிட்ஜ்: 200 வாட்
- மிக்ஸி: 750 வாட்
- கிரைண்டர்: 200 வாட்
- அயர்ன் பாக்ஸ்: 1,000 வாட்
- வாட்டர் ஹீட்டர்: 2,000 வாட்
- ஒன்றரை டன் ஏசி: 1,500 வாட்
- 1 எச்.பி. மோட்டார்: 1,000 வாட்

மொத்தம் 7,150 வாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. ஆனால் சாயங்காலம் ஹீட்டர், ஏசி, மோட்டார், ஃபிரிட்ஜ், டிவி, விளக்கு, ஃபேன் சேர்ந்து ஓடினால் 5,200 வாட் வந்துவிடும். வாட்டை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 5,200-ஐ 230-ஆல் வகுத்தால் 22 ஆம்பியருக்கு மேல். பழைய 15 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் ஏன் போகிறது என்பது இப்போது புரியும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிங்கிள் ஃபேஸா, மூன்று ஃபேஸா?

தமிழ்நாட்டில் மொத்த மின்பளு 4 கிலோவாட் வரை இருந்தால் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. அதற்கு மேல் போனால் மூன்று ஃபேஸ். மேலே சொன்ன கணக்கு வரும் வீட்டுக்கு மூன்று ஃபேஸ்தான் சரி. கூடுதல் மின்பளுவுக்கு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ, இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது மூன்று ஃபேஸ் ஆனாலும் தொடரும். விவரம் தேவைப்பட்டால் மின்னகம் எண் 94987 94987-ல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வயலில் மூன்று ஃபேஸ் இருக்கிறதே என்று மோட்டார் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை வீட்டுக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் இரு மடங்கு கட்டணம் கணக்கிட்டு வசூலிப்பார்கள். வரப்போரம் போகும் அந்த ஒயரால் வரும் ஆபத்து வேறு.

எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும்

புதிய டி.பி. பெட்டியில் இரண்டு வகைக் கருவிகள் இருக்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேலை வேறு.

எம்.சி.பி. என்பது ஃப்யூஸுக்குப் பதிலாக வருவது. லோடு மீறினாலும் ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் கீழே விழும். ஆனால் ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது இது விழாது. ஏன் என்று பாருங்கள். ஈரக் கையோடு ஒருவர் தொட்டால் அவர் உடம்பு வழியாகப் போவது சுமார் 0.15 ஆம்பியர் இருக்கலாம். உயிரை எடுக்க அது தாராளம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான்.

அந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. தேவை. ஃபேஸில் போன கரன்ட் முழுதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் கொஞ்சம் தரைக்குக் கசிந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கடையில் 100, 300 என்றும் இருக்கும். அவை ஆளைக் காக்கப் போதாது. சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு போல், மூன்று ஃபேஸுக்கு நாலு போல் என்று கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்.சி.சி.பி. கண்டுபிடிக்காது. அதனால் இது இருக்கிறது என்று மெயினை அணைக்காமல் எந்த வேலையும் செய்யக் கூடாது.

பெட்டி புதிது, ஒயர் பழையது: அதுதான் பெரிய தவறு

'பழைய 15 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள், இனி விழாது' என்று சொல்பவர்கள் உண்டு. இது ஃப்யூஸில் தடிமனான கம்பி சுற்றுவதற்குச் சமம். எம்.சி.பி. அளவை முடிவு செய்வது லோடு மட்டும் அல்ல, அதன் பின்னால் இருக்கும் ஒயர். செம்பு ஒயருக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்:

- 1.5 சதுர மி.மீ. ஒயர் (விளக்கு, ஃபேன்): 10 ஆம்பியர் எம்.சி.பி.
- 2.5 சதுர மி.மீ. ஒயர் (பவர் பிளக், ஹீட்டர்): 16 ஆம்பியர்
- 4 சதுர மி.மீ. ஒயர் (ஏசி, மோட்டார்): 20 ஆம்பியர்
- 6 சதுர மி.மீ. ஒயர் (மீட்டரிலிருந்து பெட்டிக்கு): 32 ஆம்பியர்

பழைய வீடுகளில் இருப்பது 1/18, 3/20, 7/20 என்று ஒயர்மேன்கள் சொல்லும் ஒயர். 1/18 என்பது சுமார் 1.2 சதுர மி.மீ., 3/20 என்பது சுமார் 2, 7/20 என்பது சுமார் 4.6. அலுமினிய ஒயராக இருந்தால் இதே தடிமனுக்குத் தாங்கும் கரன்ட் இன்னும் குறைவு. வீடு முழுக்க ஒயரிங்கை மாற்றப் பணம் இல்லையென்றால், ஹீட்டர், ஏசி, மோட்டார் ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது பெட்டியிலிருந்து தனித்தனிப் புது ஒயர் இழுங்கள். பழைய ஒயரில் விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடட்டும். அதற்கு அதன் அளவுக்கேற்ற சின்ன எம்.சி.பி. போடுங்கள்.

மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ் ஓடும் இடத்துக்கு 'சி' வகை எம்.சி.பி. கேளுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது வரும் அதிகக் கரன்டுக்கு அது தேவையில்லாமல் விழாது.

எர்த் இல்லாமல் எதுவும் இல்லை

வீட்டுக்குப் பின்னால் எப்போதோ போட்ட எர்த் பைப் துருப்பிடித்து, ஒயர் அறுந்து கிடக்கும். யாரும் பார்ப்பதில்லை. எர்த் சரியாக இருந்தால், கிரைண்டரில் மின்கசிவு வந்த உடனே, யாரும் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால், ஒருவர் தொட்ட பிறகுதான் விழும்.

இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பைக் குழியில் நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புவது வழக்கமான முறை. துணி துவைக்கும் தண்ணீர் போகும் பக்கம் வைத்தால் ஈரம் காயாது. கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

நியூட்ரல் வரவில்லை என்றால் எர்த்திலிருந்து நியூட்ரல் எடுத்து விளக்கு எரிய வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. இது உயிரோடு விளையாடுவது. அந்த எர்த் ஒயர் எங்காவது விட்டுப்போனால், எர்த்தோடு இணைந்த எல்லாப் பொருளின் மேல்தகட்டிலும் கரன்ட் ஏறி நிற்கும்.

நியூட்ரலில் ஃப்யூஸ் இருக்கக் கூடாது

பழைய போர்டில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃப்யூஸ் இருக்கும். நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். கரன்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பீர்கள், ஆனால் ஃபேஸ் உயிரோடு இருக்கும். பெட்டியை மாற்றும்போது நியூட்ரல் ஃப்யூஸை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் தளர்ந்தால் வேறு சிக்கல். சில ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறி, டிவி, ஃபிரிட்ஜ், பல்பு எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். அதனால் நியூட்ரல் ஒயர் ஃபேஸ் ஒயரின் அளவிலேயே இருக்கட்டும். ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறதா என்று ஒயர்மேனை விட்டு வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் அதிகமானாலும் குறைந்தாலும் துண்டிக்கும் கருவியைப் பெட்டியிலேயே சேர்ப்பது நல்லது.

மாட்டுக் கொட்டகைக்குத் தனி லைன்

கொட்டகையில் தரை எப்போதும் ஈரம், சாணம், கோமியம். மனிதனுக்கு லேசாகச் சுரீர் என்று தெரியும் கசிவு மாட்டைக் கொன்றுவிடும். மாடு வெறுங்காலோடு நாலு காலில் நிற்கிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஓடும் கரன்ட் நெஞ்சு வழியாகப் போகும். மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினாலோ, கறவை இயந்திரம் மாட்டும்போது உதைத்தாலோ மின்கசிவு இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

கொட்டகைக்குத் தனி எம்.சி.பி.யும் தனி 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். கறவை இயந்திரம், புல் நறுக்கும் இயந்திரம் இரண்டின் மேல்தகட்டையும் எர்த்தில் இணையுங்கள். ஒயர் பி.வி.சி. பைப்புக்குள், மாட்டின் வாய்க்கும் கொம்புக்கும் எட்டாத உயரத்தில் போகட்டும்.

யாரை வைத்து, எப்படி?

மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு, மீட்டருக்கு அப்பால் உங்கள் பொறுப்பு. மீட்டர் சீலை நீங்களோ ஒயர்மேனோ உடைக்கக் கூடாது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற ஒயர்மேனை வைத்தே வேலையைச் செய்யுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்று நிறம் மாறாமல் போடச் சொல்லுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இரவில் ஏதாவது ஆனால், வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் சரியானதை அணைக்க அது உதவும்.

வேலை முடிந்ததும் ஒயர்மேன் கிளம்பும் முன் ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை நீங்களே அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது கெட்டுவிட்டது.

ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால்

புதிதாகப் போட்ட வீடுகளில் இந்தப் புகார் அடிக்கடி வரும். உடனே அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வீட்டில் எங்கோ கசிவு இருப்பதைத்தான் அது சொல்கிறது. எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. பெரும்பாலும் ஹீட்டர், கிரைண்டர், பழைய மோட்டார் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லாம் கழற்றியும் விழுந்தால், ஒயரிங்கில் ஈரம் இருக்கலாம், அல்லது இன்வெர்ட்டரின் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் கலந்திருக்கலாம். ஒயர்மேனிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

செலவு ஒரே நேரத்தில் முடியாது என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் எர்த். அடுத்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. பிறகு ஒயருக்கேற்ற எம்.சி.பி. அதன்பின் ஹீட்டர், ஏசி, மோட்டாருக்குத் தனி ஒயர். கடைசியாக மூன்று ஃபேஸ். அதுவரை சாயங்காலத்தில் ஹீட்டரையும் மோட்டாரையும் ஒன்றாகப் போடாமல் இருந்தாலே பழைய ஒயருக்குச் சுமை குறையும்.