சங்கிலிக்கு ஒரு கடிவாளம்

சங்கிலி என்றதும் நமக்கு யானையின் கால் ஞாபகத்துக்கு வரும். கூடத்து ஊஞ்சல் ஞாபகத்துக்கு வரும். அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வராத கழுத்துச் சங்கிலிகூடச் சிலருக்கு ஞாபகம் வரலாம். கட்டிப் போடுவதும் தொங்க விடுவதும்தான் சங்கிலியின் தொழில் என்று வெகு காலமாக நம்பி வந்திருக்கிறோம். அந்தச் சங்கிலிக்குப் பல் முளைத்து, அது காட்டுக்குள் புகுந்து, நூறு வயது மரத்தைச் சில நிமிஷங்களில் சாய்த்து விடுகிறது. இது ஆச்சரியம் என்றால், அதன் பூர்வோத்தரம் இன்னும் பெரிய ஆச்சரியம். சங்கிலி ரம்பம் முதலில் பிறந்தது காட்டில் அல்ல, வைத்தியர்களின் மேஜைமேல்!

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் இரண்டு வைத்தியர்கள் இருந்தார்கள். ஒருவர் எடின்பரோ நகரத்து ஜான் ஐட்கென். மற்றவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் உடற்கூறு கற்பித்த ஜேம்ஸ் ஜெஃப்ரே. மயக்க மருந்து தெரியாத காலம் அது. பிரசவம் சிக்கலாகிவிட்டால், தாயின் இடுப்பு எலும்புகள் முன்புறம் சேருகிற இடத்தைப் பிரித்து வழி உண்டாக்குவார்கள். மூட்டு அழுகிப் போனால் எலும்பையே அறுத்து எடுப்பார்கள். சாதாரண ரம்பமோ எலும்பையும் அறுக்கும், பக்கத்திலுள்ள சதையையும் பதம் பார்க்கும். ஆகவே, கடிகாரத்துக்குள் இருப்பது போன்ற மெல்லிய சங்கிலியில் பல் வைத்து, இரண்டு முனைகளிலும் பிடி பொருத்தினார்கள். எலும்புக்குப் பின்புறமாக அதைச் செலுத்தி மாற்றி மாற்றி இழுத்தால், அறுபட வேண்டியது மட்டும் அறுபடும். 1785-ஆம் வருஷத்தில் வெளியான ஐட்கெனின் பிரசவ வைத்திய நூலில் இந்தக் கருவியின் படம் இருக்கிறது.

பிறகு 1830 வாக்கில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் இன்னொரு படி மேலே போனார். அவருடைய கருவியில் பிடியைச் சுழற்றினால், ஒரு பட்டையின் விளிம்பைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடும். உளியும் சுத்தியலும் கொடுக்கும் அதிர்ச்சி இல்லாமல் எலும்பை அறுக்கலாம். இன்றைய மரம் அறுக்கும் ரம்பத்தைச் சிறிதாக்கி வைத்தாற்போல் இருக்கும் அது.

இந்த மூவருடைய எண்ணமும் ஒன்றுதான்: அறுக்க வேண்டியதை அறு, மற்றதைக் காயப்படுத்தாதே. இந்த எண்ணம் காட்டுக்கு வந்தபோது பாதி மறந்து போயிற்று. அதை மறுபடி ஞாபகப்படுத்திக் கொள்வதற்கு மனிதர்கள் கொடுத்த விலைதான் இந்த யந்திரத்தின் பிற்காலச் சரித்திரம்.

அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோவைச் சேர்ந்த ஸாமுவேல் பென்ஸ், அந்தப் பக்கத்து ராட்சசச் செம்மரங்களை வீழ்த்துவதற்காக முடிவில்லாமல் சுற்றும் சங்கிலி ரம்பம் ஒன்றுக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் ஆட்கள் காட்டுக்குத் தூக்கிச் செல்லக்கூடிய யந்திரத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மானியர்கள். ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926-ல் மின்சாரத்தால் ஓடும் ரம்பத்தைச் செய்தார். அதன் எடை 64 கிலோ. காட்டுக்குள் மின்சாரத்துக்கு எங்கே போவது? மறு வருஷமே எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவிலுள்ள டால்மார் மலையில் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டினார். அது 58 கிலோ. 1929-ல் ஷ்டீலும் பெட்ரோல் ரம்பம் செய்தார். எடை 46 கிலோவாகக் குறைந்தது. எப்படியும் இதைப் பிடிக்க இரண்டு ஆட்கள் வேண்டும். முதுகு ஒடியும், காது அடைக்கும். ஆனாலும் அந்தப் பாரமே ஒருவிதத்தில் பாதுகாப்பாக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவே திணறும் ஒரு பொருள், திடீரென்று துள்ளி ஒருவனுடைய முகத்தில் பாய்வது அத்தனை சுலபம் அல்லவே!

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு எல்லாம் மாறிற்று. பழைய கார்புரேட்டரில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காத்து நின்றது. யந்திரத்தைச் சாய்த்தால் மிதவை குழம்பும்; எஞ்சின் நின்று போகும். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்ததும் ரம்பத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம் என்றாயிற்று. எடையும் இறங்கியது. 1950-ல் ஷ்டீல் நிறுவனம் ஒரே ஆள் பிடிக்கும் ரம்பத்தை 16 கிலோவில் செய்தது. 1959-ல் வந்தது 12 கிலோதான்.

பல்லிலும் ஒரு புரட்சி நடந்தது. அதற்குக் காரணம் ஒரு புழு! அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, பழைய சங்கிலியின் பல்லைத் தீட்டித் தீட்டிச் சலித்துப் போனவர். 1946-ல் ஒரு நாள், வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டு முன்னேறின. அதைப் பார்த்து, வளைந்த பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்த சங்கிலியைச் செய்தார். மறு வருஷம் போர்ட்லண்டு நகரில் தம் வீட்டு நிலவறையிலேயே தொழிலை ஆரம்பித்தார். இந்தச் சங்கிலியை ஓர் உருண்டை அரம் இருந்தால் காட்டிலேயே உட்கார்ந்து தீட்டிக் கொள்ளலாம். ஆக, பழுது பார்க்கும் வேலை தொழிற்சாலையிலிருந்து தொழிலாளியின் மடிக்கு வந்து சேர்ந்தது. அனுகூலம்தான். ஆபத்தும் அங்கேயே காத்திருந்தது.

பட்டையின் மூக்கு இருக்கிறதே, அதன் மேல் பாதி மரத்தில் பட்டுவிட்டால் சங்கிலி அங்கே கவ்விக்கொள்ளும். வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும் சங்கிலி அது. கவ்விய வேகம் அத்தனையும் பட்டையை மேலும் பின்னுமாக, பிடித்திருப்பவனை நோக்கி எறியும். 'ஐயோ' என்று நினைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கனம் குறைந்த யந்திரம், எப்படியும் திரும்பும் யந்திரம், ஒரே ஆள் பிடிக்கும் யந்திரம் என்று எந்த மூன்று நன்மைகளைக் கொண்டாடினோமோ, அவையே கழுத்துக்கும் தோளுக்கும் எமனாக வந்தன.

இன்னொரு துன்பம் மெதுவாக வந்தது. நாள் முழுவதும் அதிரும் பிடியைப் பற்றியவர்களின் விரல்கள் குளிர் பட்டால் இரத்தம் ஓடாமல் வெளுத்து, மரத்துப் போயின. காற்றுச் சுத்தியல் பிடித்த கல் தச்சர்களிடம் இதே நோயை அலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் அமெரிக்காவின் இண்டியானாவில் 1918-லேயே ஆராய்ந்திருந்தார். கல் தச்சரின் நோய் இப்போது மரவெட்டியின் கைக்கு வந்தது. பின்லாந்து தேசத்தில் சுவோமுஸ்ஸல்மி என்ற ஊரில் காட்டுத் தொழிலாளர்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1972-ல் நூற்றுக்கு 40 பேருக்கு இந்த வெள்ளை விரல் நோய் இருந்தது.

இதற்கெல்லாம் பரிகாரமாகத்தான் ரம்பத்தில் ஒவ்வொரு சிறு உறுப்பாகச் சேர்ந்தது. 1960-களின் நடுவில் எஞ்சினுக்கும் பிடிக்கும் இடையே ரப்பர் துண்டுகள் வந்தன. 1972-ல் ஷ்டீல் நிறுவனம் சங்கிலிக்குப் பிரேக் வைத்தது. ரம்பம் துள்ளும்போது முன்பிடிக்கு எதிரே உள்ள காப்புப் பலகை முன்னால் தள்ளப்பட்டால் சங்கிலி நின்றுவிடும். மறு வருஷம் ஸ்வீடன் தேசத்து ஹுஸ்க்வர்ணா நிறுவனம், துள்ளலின் வேகத்திலேயே தானாகப் பிடிக்கும் பிரேக்கைக் கொண்டு வந்தது. அறுந்த சங்கிலியைத் தடுக்க ஒரு கொக்கி, உள்ளங்கை பிடியை நன்றாக அழுத்தினாலொழிய வேகம் கூடாதபடி ஒரு பூட்டு என்று மற்றவையும் சேர்ந்தன. இவற்றில் ஒன்றுகூட மரத்தை அறுக்காது. மனிதனை அறுக்காமல் இருக்க ஏற்பட்டவை.

இப்போது பழுது பார்ப்பவரின் பட்டறைக்குப் போவோம். பிரேக் கொஞ்சம் உரசுகிறது. சுத்தம் செய்து புது வில் போட அரை நாள் ஆகும். கழற்றி எறிய இரண்டு நிமிஷம் போதும். ரப்பர் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டால் பிடி ஆடாது. சங்கிலியின் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதற்கு அதுவே கடிவாளம். பல சங்கிலிகளில் மேட்டுக்கும் பல் நுனிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.65 மில்லிமீட்டர்தான், இரண்டு மூன்று தபால் கார்டுகளின் கனம். பல்லைத் தீட்டத் தீட்ட அது தாழ்வதால் மேட்டையும் அளவுச் சட்டம் வைத்து லேசாக அராவ வேண்டும். கண் மதிப்பில் நாலு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டால் ரம்பம் பேய் போல் பாயும். வாடிக்கைக்காரர், "பேஷ்! புது யந்திரம் மாதிரி இருக்கிறதே!" என்பார். அந்தப் பாய்ச்சல்தான் துள்ளலுக்கு முதல் படி என்பது அவருக்குத் தெரியாது. பழுது பார்ப்பவருக்குத் தெரியும், தெரிய வேண்டும்.

யந்திரத்தை வேறு வேலைக்குத் தக்கபடி மாற்றுவதிலும் இதே நியாயம்தான். பெரிய மரத்துக்காக நீளமான பட்டை போடலாம். ஆனால் அந்த எஞ்சினுக்குச் செய்தவர்கள் அனுமதித்த நீளத்துக்குள் இருக்க வேண்டும். சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளியும், பட்டையின் பள்ளத்து அகலமும், ஓட்டுகிற பல்சக்கரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போக வேண்டும். தேய்ந்த சக்கரத்தின்மேல் புதுச் சங்கிலியைப் போட்டால் சங்கிலியும் சீக்கிரம் பாழாகும். கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை கழிப்பவர்களுக்கென்று சிறு ரம்பங்கள் தனியாக இருக்கின்றன. தரையில் நின்று அறுக்கும் ரம்பத்தின் பின்பிடியை வெட்டிவிட்டு அதை மரத்துக்கு மேலே அனுப்புவது மாற்றம் அல்ல, விபரீதம்.

சுவோமுஸ்ஸல்மியில் 1990-ல் மறுபடி கணக்குப் பார்த்தபோது நூற்றுக்கு 40 என்றிருந்த நோயாளிகள் நூற்றுக்கு 5 ஆகக் குறைந்திருந்தார்கள். அங்கே ரம்பம் ஓய்ந்து விடவில்லை. ரம்பத்தின் கனமும் அதிர்ச்சியும்தான் குறைந்திருந்தன. பட்டறைக்காரர் வீண் தொல்லை என்று கழற்றி எறிகிற அந்த ரப்பர் துண்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஆகையால் பழுது பார்த்த ரம்பத்தை வாங்கப் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்கிறதா? காப்புப் பலகையைத் தள்ளினால் ஓடும் சங்கிலி உடனே நிற்கிறதா? கொக்கி இருக்கிறதா? ரப்பர் முழுசாக இருக்கிறதா? இந்த நாலையும் பட்டறைக்காரரையே செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு கூலியைக் கொடுக்கலாம்.