பாஞ்சாலங்குறிச்சிப் போரும் உடன்பிறப்பன்பும்

பாளையக்காரர் போர்களைப் பற்றி எழுதினோர் பலரும் கோட்டை, பீரங்கி, வரிபாக்கி என்னும் இவற்றையே விரித்துரைத்தனர். 1799-இல் கயத்தாற்றில் தலைவனைத் தூக்கிலிட்ட பின்னும் பாஞ்சாலங்குறிச்சி அடங்காது, 1801-இல் முன்னினும் பன்மடங்கு கடுமையாக எழுந்தது எதனால் என்னும் வினாவுக்கு இவை மட்டும் விடை தருவனவல்ல. அவ்விடையின் ஒரு பகுதியேனும் குடும்பப் பற்றிலும் அன்பிலும் கிடைக்கும் என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக நாம் முதன்மையாகக் கொள்வன கதைப்பாடல்கள் அல்ல. பகைவராக நின்ற ஆங்கிலப் படைத்தலைவர்களின் எழுத்துக்களே.

அவற்றுள் முதலாவது மேஜர் பானர்மன் தம் மேலிடத்துக்கு விடுத்த கடிதம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றான். தண்டனை விதித்தவரே மறுநாள் அந்நிகழ்ச்சியை எழுதுகின்றார். விசாரணையின்போது அவன் அஞ்சாது நின்றான் என்றும், எட்டையபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சி தோன்ற நோக்கினான் என்றும், தளராத நடையோடு மரத்தடிக்குச் சென்றான் என்றும் கூறுகின்றார். கோட்டையைக் காத்து அதிலேயே மடியாது வெளியேறினோமே என்னும் ஏக்கம் அவனிடம் தோன்றியதாகவும் குறிக்கின்றார். இவை யாவரும் அறிந்தவை. நாடகத்திலும் திரைப்படத்திலும் இடம்பெற்றவை. ஆயின் அதே கடிதத்திலுள்ள மற்றொரு செய்தியை ஆய்வாளர் பெரும்பாலும் கடந்து செல்வர். தூக்குமரம் நோக்கிச் செல்லும் வழியில் அவன் கவலை தெரிவித்தது ஒருவனைக் குறித்து மட்டுமே; அவன் வாய் பேச இயலாத தம்பி. அரசையோ உடைமையையோ பற்றி அவன் கவன்றதாகப் பானர்மன் எழுதவில்லை. அவனைப் புகழ வேண்டிய தேவை சிறிதுமில்லாத ஒருவர் இதனை எழுதிவைத்தமையால் இச்செய்தியின் உறுதி மிகுகின்றது.

அத்தம்பியே ஊமைத்துரை. அவனும் செவத்தையா முதலிய உறவினரும் பாளையங்கோட்டைக் கோட்டையில் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். தாமிரபரணியின் தென்பால் அமைந்த அக்கோட்டை நன்செய் நாட்டின் காவலிடம். பாஞ்சாலங்குறிச்சியோ ஆற்றுப்பாய்ச்சல் எட்டாத வடகிழக்குக் கரிசல் நிலம். சிறைப்பட்டோர் தம் நிலத்தை விட்டு வேற்று நிலத்தில் அடைபட்டிருந்தனர் என்றே கூறலாம். 1801-ஆம் ஆண்டு பெப்ரவரி 2-ஆம் நாள், ஆங்கிலப் படை சங்கரன்கோவிலில் தங்கியிருக்க, பாளையங்கோட்டை வெள்ளையர் விருந்துண்ணும் வேளையில், இவர்கள் காவலரை வென்று வெளியேறினர். சிறையில் அம்மை நோய் தோன்றியமையால் சில நாள் முன்னர்த்தான் இவர்களின் விலங்குகள் நீக்கப்பட்டிருந்தன என்று கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பு நூலில் எழுதுகின்றார். இவ்வம்மையைப் படிப்போர் நினைவில் இருத்துக, மீண்டும் வரும்.

இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை ஒரு வாரத்திற்குள் மீண்டும் எழுந்தது. மெக்காலே முதலில் வந்து பார்த்துத் திரும்பினார். மார்ச் 31-இல் தாக்கிப் பேரிழப்போடு பின்வாங்கினார். கர்னல் அக்னியூவின் தலைமையில் பெரும்படை வந்த பின்னரே மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. படை நிகழ்ச்சிகளை வரலாற்று நூல்கள் விரிவாகத் தருதலின் ஈண்டு விரித்திலம்.

ஊமைத்துரையை வெல்ஷ் மெலிந்து நெடிய, நோயுற்றான் போன்ற இளைஞனாக வருணிக்கின்றார். உள்ளங்கையில் வைக்கோல் துரும்புகளை ஆங்கிலப் படையாக அடுக்கி, மறுகையால் சீறொலியோடு வாரி எறிந்து காட்டுவானாம்; அதுவே போருக்கான ஆணையாம். பேச்சற்ற ஒருவனின் கையசைவுக்கு ஆயிரக்கணக்கானோர் உயிர் கொடுத்தனர். அவர்கள் அவனைச் 'சாமி' என்றே அழைத்தனர்.

கோட்டை வீழ்ந்தபின் நிகழ்ந்ததாக வெல்ஷ் கூறும் ஒரு நிகழ்ச்சியே நம் ஆய்வின் நடுவிடம். அருகிலிருந்த சிற்றூர்ப் பெண்டிர் சிலர் உயிரோடு எவரேனும் எஞ்சியிருப்பரோ எனப் பிணங்களிடையே தேடினர். ஒரு தாய் குற்றுயிராய்க் கிடந்த தன் மகனைக் கண்டு தூக்க முற்பட்டாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காக்குமாறு வேண்டினான். அவள் அவன் சொற்படியே செய்தாள். குருதி வழியக் கிடந்த ஊமைத்துரையைப் பெண்டிர் சுமந்து அத்தாயின் இல்லத்திற்குக் கொண்டுபோயினர். காயங்களுக்குக் கட்டிடும்போதே தேடிவந்த எட்டையபுரத்தார் ஆரவாரம் கேட்டது. உடனே அவனைத் துணியால் மூடிச் சுற்றியிருந்து ஒப்பாரி தொடங்கினர். வந்தவர் வினவ, ஓர் இளைஞன் அம்மையால் இப்போதுதான் மாண்டான் என்றனர். வந்தோர் துணியை நீக்கியும் பாராது விரைந்து அகன்றனர். சிறையில் விலங்கைக் கழற்றிய அதே நோயின் பெயர் இங்கு உயிரையும் காத்தது.

போர்க்களத்தில் மகனைத் தேடும் தாய் தமிழிலக்கியத்திற்குப் புதியவள் அல்லள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாடல் (278) நம் மாணவர் யாவரும் அறிந்தது. அங்குத் தாய் தேடுவது மகன் புறங்கொடாது மாய்ந்தான் என்னும் சான்றை; கண்டபின் பெரிதும் உவக்கின்றாள். பாஞ்சாலங்குறிச்சித் தாய் மகனை உயிரோடு காண்கின்றாள், கண்டும் விடுகின்றாள். அவளுக்கு உவகையும் இல்லை, புலம்பவும் பொழுதில்லை. பின்னர் எழுப்பிய ஒப்பாரி பகைவரை ஏய்ப்பதற்கானதெனினும், அதனுள் தன் மகனுக்கான அழுகையும் கலந்திராதென்று யார் கூறவல்லார்? இஃது எம் ஊகமே. வெல்ஷ் இவ்வளவு கூறவில்லை. அவர் பெயரையும் குறிக்காது விட்டமையால் அத்தாய் இன்னாள் என அறிய வழியின்று.

எட்டையபுரத்தாரும் பாஞ்சாலங்குறிச்சியாரும் இனத்தால் ஒரே கம்பளத்தார் என்பதை ஈண்டு மறத்தலாகாது. ஆகவே இன உறவே இப்போரின் பிணைப்பு எனக் கூறிவிட்டால் எட்டையபுரத்தின் நிலையை விளக்க இயலாது. நாட்டுப்பற்று என்னும் பிற்காலச் சொல்லை அப்படியே ஏற்றுதலும் முழுதும் பொருந்தாது. அண்ணன் கவலையுற்ற தம்பியைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஊரார் ஏற்றுக்கொண்டனர் என்பதே சான்றுகள் காட்டும் நிலை. பேரா. நா. வானமாமலை 1971-இல் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலை இந்நோக்கோடு மீண்டும் படித்தல் பயன் தரும்.

குடும்ப அன்பு ஒரு சாரார்க்கே உரியதாகவும் இருக்கவில்லை. தூத்துக்குடியில் பிடிபட்ட பாகட் என்னும் ஆங்கிலேயரின் மனைவி கணவனைப் பின்தொடர்ந்து பாஞ்சாலங்குறிச்சிக்கே சென்று மன்றாடினாள். அவளது வேண்டுகோளைக் கேட்டு அவரை விடுவித்ததோடு, கிடைத்த உடைமைகளையும் மீட்டுக்கொடுத்தனர். இதனைச் சொல்பவரும் வெல்ஷே.

ஊமைத்துரை பிழைத்தெழுந்து மருது சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தான். அவனை ஏற்றமையால் சிவகங்கையும் போருள் விழுந்தது. மருதிருவர் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான். சின்ன மருதின் மகன் துரைசாமி, பதினைந்து வயதினன், தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டான். அவனைக் காவலில் வைத்திருந்தவர் அதே வெல்ஷ். விலங்கின் சுமையைக் குறைப்பதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை என வருந்துகின்றார். 1818-இல் அவர் பினாங்கு சென்றபோது, முதுமை எய்தியவன் போல் தளர்ந்த ஒருவன் அவர்முன் வந்து நின்று, தான் துரைசாமி என்றான். முப்பதைச் சற்றே கடந்த வயது. அவன் கேட்டது விடுதலையன்று. ஊரில் எஞ்சியிருக்கும் உறவினர்க்குத் தன் கடிதமொன்றைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே. கடமை இடங்கொடாமையால் வெல்ஷ் அக்கடிதத்தை ஏற்கவில்லை.